மறுமுனையில் ஒரு பூனை

சவுந்தரத்தின் இடுப்பில் இருந்த பெல்ட் அன்றைக்கும் விடிந்தபிறகு கண் திறக்கவில்லை. பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் மினுக்கிக்கொண்டு, "அனுமதிக்குக் காத்திருக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா கிடந்தது.

இந்த அனுமதிக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சலித்துவிட்டார் கனிராஜ். அவர் மனைவி சவுந்தரத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு, அந்த வேலையை பெல்ட்தான் பார்க்கிறது. ரத்தத்தை வாங்கி, சலித்து, திருப்பி அனுப்புகிறது. நல்ல பொருள்தான், சுளையாக விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனால் தினமும் காலையில் அது கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, "இன்றைக்கு வேலை செய்யலாமா?" என்று கேட்கும். "செய்" என்று பதில் வந்தால் மறுநாள் காலைவரை ஓடும். வராவிட்டால் அரைஞாண் கயிற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

"அரிசி வித்தவன்கிட்ட ஒவ்வொரு வேளையும் வாயைத் திறக்கலாமான்னு கேட்டுட்டுச் சாப்பிடுற மாதிரிய்யா இது" என்பார் கனிராஜ். விருதுநகர் பஜாரில் பருப்பு மொத்த வியாபாரம் அவருக்கு. சரக்கை விற்ற பிறகும் அதன் கழுத்துக் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் வித்தை தன் பரம்பரையில் எவருக்கும் தோன்றவில்லையே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பெல்ட் வந்த கையோடு ஆஸ்பத்திரிகள் எல்லாம் பெரிய டயாலிசிஸ் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டன. மதுரையில் மட்டும் சில மிச்சம். அங்கே இடம் கிடைப்பதற்குள் கால் வீங்கும், மூச்சு வாங்கும், அதற்கு மேல் கனிராஜ் யோசிப்பதில்லை. ஃபோனை எடுத்துவிடுவார். மறுமுனையில் மித்ரா பேசுவாள். மித்ரா மனுஷி இல்லை. கம்பெனிக்காக வாய் பேசும் கம்ப்யூட்டர் நிரல்.

"வணக்கம் கனிராஜ் அவர்களே. உங்கள் சிரமம் புரிகிறது."

"புரிஞ்சா அந்தப் பச்சை விளக்கைப் போடு தாயி. நேத்து பாதி நாள் போச்சு. முந்தாநாள் முழுசும் போச்சு."

"சோதித்துவிட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சீராக இயங்குகிறது. கோளாறு உங்கள் வீட்டு இணைய இணைப்பில் இருக்கலாம்."

"இந்த இணைப்புலதான உன்கூடப் பேசிட்டு இருக்கேன்?"

"மிகச் சரி. பேசுவதற்கு இந்த இணைப்புப் போதுமானது. இதற்கிடையில், புது மாடல் பெல்ட்டுக்கு இந்த மாதம் சலுகை உண்டு. விவரம் சொல்லட்டுமா?"

கனிராஜ் ஃபோனை எங்கே எறிந்தால் நஷ்டம் குறைவு என்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வைங்க அதை" என்றாள் சவுந்தரம், கட்டிலில் சாய்ந்தபடி. "அந்த லேப்டாப்பை எடுங்க. பூனையை விட்டுப் பாக்குறேன்."

தொலைபேசி ஆபீசில் நெட்வொர்க் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் சவுந்தரம். திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்பு, அதில் வெள்ளை எழுத்து. கனிராஜுக்கு அதைப் பார்த்ததும் கரண்ட் போன கடை ஞாபகம் வந்தது.

"இதுக்குப் பேரு நெட்கேட். கேட்னா பூனை, அதனால நாங்க பூனைன்னுதான் சொல்லுவோம். எந்தக் கம்ப்யூட்டர் கதவையும் போய்த் தட்டும். திறந்தா திறந்துச்சுங்கும், மூடியிருந்தா மூடியிருக்குங்கும். நாம சொல்றதை அப்படியே அங்க சொல்லும், அங்க சொல்றதை அப்படியே இங்க சொல்லும். அலங்காரம் கிடையாது."

"விலை என்ன?"

"ஓசி."

கனிராஜின் முகம் விழுந்தது. பஜாரில் ஓசியாக வருவது, சாம்பிளுக்கு அள்ளிக் கொடுக்கும் ஒரு கைச் சரக்கும் அறிவுரையும். இரண்டையும் நம்பி எவனும் லோடு எடுப்பதில்லை.

சவுந்தரம் தட்டினாள். "பாருங்க, கதவு திறந்திருக்கு. நாம தட்டுனது அவங்களுக்குக் கேட்டிருக்கு. இப்ப பெல்ட் நம்பரைச் சொல்றேன்." ஒரு வரி போனது. அடுத்த கணம் திரை பழைய இடத்துக்கு வந்து நின்றது. "பட்டுன்னு வெச்சிட்டான். ஒரு வார்த்தை பேசலை. கோளாறு நம்ம வீட்டுல இல்லங்க. அவன்தான் வேணும்னே வைக்கிறான்."

கனிராஜுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! மறுபடி மித்ராவைக் கூப்பிட்டு, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"விளக்கத்துக்கு நன்றி. இலவசக் கருவிகளின் முடிவை ஏற்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அங்கீகாரம் பெற்ற கட்டணச் சோதனை தேவை."

இந்த ஒரு விஷயத்தில் கனிராஜால் அவளைத் திட்ட முடியவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கட்டணச் சோதனைக்கு டை கட்டிய ஓர் இளைஞன் பெட்டியோடு வந்தான். பெட்டியைத் திறந்ததும் வண்ண வண்ண வட்டங்கள் சுழன்றன. சவுந்தரம் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, அந்தக் கீழ் மூலையில ஓடுற எழுத்து நம்ம பூனைதான?"

அவன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "ஆமா மேடம். மேல போட்டிருக்க சட்டை மட்டும் எங்களோடது."

"சட்டைக்கா இம்புட்டு வாங்குற?" என்றார் கனிராஜ். கேட்டது கோபத்தில்தான், ஆனால் அந்த லாப விகிதத்தை மனசு ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டது.

சான்றிதழ் வந்தது. வீட்டு இணைப்பில் குறை இல்லை என்று முத்திரையோடு. மித்ரா அதை வாங்கிப் படித்தாள்.

"மகிழ்ச்சி. உங்கள் பக்கமும் சரி, எங்கள் பக்கமும் சரி. எனவே கோளாறு நடுவில் இருக்கிறது."

"நடுவுல யாரு இருக்கா?"

"நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை, கனிராஜ் அவர்களே."

வடக்கே இருந்து வருகிற பருப்பு லாரி நடுவழியில் நின்றால்கூடத் திட்டுவதற்கு ஒரு டிரைவர் இருப்பான். இங்கே அதுவும் இல்லை. கனிராஜ் சுவரைப் பார்த்துத் திட்டினார். சுவர், மித்ராவைவிடப் பரவாயில்லை, நன்றி சொல்லவில்லை.

அதற்குள் சவுந்தரத்தின் கணுக்கால்கள் வீக்கத்தில் மறைந்து, கால் தூண் ஆகிவிட்டிருந்தது. அவள் வேறு வழி பார்த்தாள். பூனைக்கு ஓயாத வேலை கொடுத்தாள்: கதவைத் தட்டு, வைத்தால் மறுபடி தட்டு, திறக்கும்வரை விடாதே. அன்றைக்கே பச்சை விளக்கு எரிந்தது. மறுநாளும் எரிந்தது. கனிராஜ் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ வாசனை போவதற்குள் பின் தெருவில் இருந்து மரியபுஷ்பம் டீச்சர் வந்தாள். அவள் கணவர் லூர்துசாமி சாருக்கும் அதே பழைய மாடல் பெல்ட். சாரை ஆட்டோவில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்த் திரும்பியிருந்தாள்.

"இத்தனை நாளா ஒழுங்கா ஓடுச்சு சவுந்தரம். இந்த ரெண்டு நாளா திடீர்னு அனுமதி இல்லைங்குது. நீதான் இதெல்லாம் தெரிஞ்சவளாச்சே, கொஞ்சம் பாரேன்."

அந்த இரண்டு நாளும் தன் பூனை தட்டிய நாட்கள் என்பது சவுந்தரத்துக்கு உறைத்தது. அவள் லூர்துசாமி சாரின் பெல்ட் நம்பரையும் சொல்லிப் பார்த்தாள். தன் பூனையை நிறுத்திவிட்டுக் கேட்டால் அவருக்குத் திறந்தது. தன் பூனை தட்டும்போது கேட்டால் அவருக்கு மூடியது. டீச்சரை அனுப்பிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பழைய மாடல்காரங்களுக்குன்னு ஒரு சின்ன வாசல்தான் வெச்சிருக்காங்க. இடம் நிறைஞ்சதும் மிச்சப்பேரை வெளிய தள்ளிடுறாங்க. நான் இடிச்சுக்கிட்டு நுழைஞ்ச இடம் லூர்துசாமி சாரோடது."

"யாரோ ஒருத்தர் வெளிய நிக்கத்தான் செய்வாங்க. அது நீயாத்தான் இருக்கணுமா?"

"அவராத்தான் இருக்கணுமா?"

அவள் பூனையை நிறுத்தினாள். மறுநாள் காலையில் மஞ்சள். கனிராஜ் கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ பேரை இறங்கிவர வைத்த மனுஷன். இந்த ஒருத்தியிடம் ஒரு பைசா குறைக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அவள் லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை எரிஞ்ச ரெண்டு நாளும் அங்கிருந்து என்ன பதில் வந்துச்சுன்னு பூனைகிட்ட இருக்கு. ஒரே ஒரு வரி. சரி, இன்னைக்கு ஓடு. அம்புட்டுதான். முதல் மாடலை அவசரத்துல செஞ்சிருக்காங்க, பூட்டுப் போட மறந்துட்டாங்க. இந்த வரியை யார் சொன்னாலும் பெல்ட் நம்பும்."

"யார் சொன்னாலுமா?"

"பூனைக்குத் தட்ட மட்டும் இல்லங்க, உள்ளே உட்கார்ந்து யார் தட்டுறான்னு கேக்கவும் தெரியும். கம்பெனி வீடு இதுதான்னு பெல்ட்டுக்கு நம்ம லேப்டாப்பைக் காட்டிட்டா, அது இங்க வந்து தட்டும். பூனை அந்த வரியைச் சொல்லும்."

சொன்னபடியே செய்தாள். பெல்ட் கூப்பிட்டது. பக்கத்து மேஜையில் இருந்து பதில் போனது. பச்சை.

கனிராஜ் பெல்ட்டையும் லேப்டாப்பையும் மாறிமாறிப் பார்த்தார். இதற்காகவா இத்தனை நாள்? "நீயே உனக்கு அனுமதி கொடுத்துக்கிட்டியா?"

"என் ரத்தம்தான?"

லூர்துசாமி சாரின் பெல்ட்டுக்கும் அதே பூனை பதில் சொல்ல ஆரம்பித்தது. கால் வடிந்தது. சவுந்தரம் அடுப்படிக்குப் போனாள். கனிராஜ் பஜாரில் மறுபடியும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். மித்ராவைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் சில வாரங்கள் போயின.

ஒரு மத்தியானம் மித்ராவே கூப்பிட்டாள். கனிராஜ் அப்போதுதான் கடையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார். கொண்டுவந்த சவுந்தரம் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம் கனிராஜ் அவர்களே. சவுந்தரம் அவர்களின் பெல்ட் எங்களைத் தொடர்புகொண்டு நீண்ட நாள் ஆகிறது. அவர் உயிருடன் இருக்கிறாரா? இருந்தால், எங்கள் பிரதிநிதி வந்து பெல்ட்டைச் சோதனைக்கு எடுத்துச் செல்வார். மாற்றம் செய்யப்பட்ட பெல்ட்டுகள் திருப்பித் தரப்படமாட்டா. இல்லையென்றால், எங்கள் ஆழ்ந்த அனுதாபம், கணக்கு முடிக்கப்படும். ஆம், அல்லது இல்லை?"

சவுந்தரம் கையை அசைத்தாள். சொல்லுங்க என்று வாயசைத்தாள்.

கனிராஜ் வாயைத் திறந்தார். துவரம்பருப்பு தீர்ந்துபோனால் "லோடு வந்துட்டிருக்கு" என்பார்கள் பஜாரில். டப்பா காலியானால் "நிறைஞ்சிருக்கு" என்பார்கள். கடைக்குள் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொன்னால் லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள் என்பது அங்கே பால் மறந்த நாளில் இருந்து பழக்கம். பூச்சி விழுந்த உளுந்தை முதல் தரம் என்று சத்தியம் செய்யக்கூடிய கனிராஜால், அந்த ஒரு சொல்லை, அதுவும் எதிரே உட்கார்ந்திருக்கும் பொண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு...

"வந்துட்டிருக்கா" என்றார்.

"சவுந்தரம் அவர்கள் வந்துகொண்டிருக்கிறாரா? எங்கிருந்து?"

சவுந்தரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"நிறைஞ்சு... நிறைஞ்சிருக்கா தாயி."

"மன்னிக்கவும், புரியவில்லை. லூர்துசாமி அவர்களைப் பற்றிக் கேட்டபோது அவர் துணைவியார் உடனே பதில் சொல்லிவிட்டார். ஆம், அல்லது இல்லை?"

டீச்சர் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். மாத்தி மாத்தி நாற்பது பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் போட்ட வாய். கனிராஜ் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து, தெருவில் இறங்கி, லாரி ஒன்று ஹாரன் அடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்.

"இல்ல."

"ஆழ்ந்த அனுதாபம்" என்றாள் மித்ரா.

திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. "வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாறேன். வாயால சொல்லிட்டேன்ல."

"எனக்கும் சேர்த்து வெந்நி போடுங்க. செத்தவளும் குளிக்கணும்ல" என்றாள் சவுந்தரம்.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. பஜாரில் ஒரு சேதி பரவ இரண்டு டீ ஆக வேண்டும். நிரல்களுக்கு டீ தேவையில்லை. மித்ரா பாங்க் நிரலிடம் சொன்னாள். பாங்க் பாஸ்போர்ட் ஆபீசிடம் சொன்னது. சவுந்தரம் பெர்த் நகரத்துக்குப் போகவிருந்த பயணத்தின் டிக்கெட்டை, அனுதாபத்தோடு விமானக் கம்பெனி ரத்து செய்தது. பெர்த்தில்தான் மகள் பொற்கொடி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்கும் அனுதாபச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது, பெல்ட்டின் படத்தோடும் கம்பெனியின் முத்திரையோடும்.

"அப்பா!" ஃபோனில் அழுகை வெடித்தது. "அம்மா எப்பப்பா... எனக்கு ஏன்ப்பா சொல்லலை?"

"ஏய் கொடி, அழாத, அழாத. அம்மா நல்லாருக்கா. அது வேற கதை. இந்தா, அவளையே கேளு."

சவுந்தரம் ஃபோனைப் பிடுங்கி, "கொடீ" என்றாள். அவ்வளவுதான். அழுகை துண்டிக்கப்பட்டு ஒரு குரல் நுழைந்தது. "இறந்தவரின் குரலைப் போலியாக ஒலிக்கச் செய்யும் முயற்சி தடுக்கப்பட்டது. உங்கள் பாதுகாப்புக்காக இந்த அழைப்பு முடிக்கப்படுகிறது."

செத்தவர்கள் குரலைச் செய்து உறவுக்காரர்களை ஏமாற்றும் கூட்டம் பெருகிப்போனதால் வந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்று கனிராஜே ஒரு காலத்தில் பாராட்டியிருக்கிறார். திரும்பக் கூப்பிட்டார். அவர் ஃபோன் எண்ணும் மோசடிக்குத் துணை போனதாக முடக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? அப்பாவுக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றா?

"சொல்லிடுறேன்" என்றார் கனிராஜ். "மித்ராகிட்ட நீ உசுரோட இருக்கன்னு சொல்லிடுறேன். பெல்ட்டை எடுத்துட்டுப் போகட்டும். புதுசு வாங்குவோம்."

"புதுசு வர்றவரைக்கும்?"

சவுந்தரம் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்திருந்தாள்.

"பூனைக்கு நடுவுல எவனும் கிடையாது. இது நேரா அவ வீட்டுக் கதவு. காலேஜ்ல படிக்கும்போது நான்தான் அவளுக்குப் பழக்குனேன். அந்தப் பக்கம் அவ பூனையைக் காது வெச்சு உட்கார வெச்சா போதும். அவளுக்கு அது தோணணும்."

தட்டினாள். மூடியிருக்கிறது. தட்டினாள். மூடியிருக்கிறது. வெள்ளை எழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக அதையே சொல்லிக்கொண்டு போனது. கனிராஜ் நிற்க முடியாமல் உட்கார்ந்தார், உட்கார முடியாமல் எழுந்தார். போட்ட வெந்நீர் ஆறியது. திறந்திருக்கிறது.

யாரு, என்று ஒரு வரி வந்தது.

"சாப்பிட்டியான்னு கேட்டுறாத" என்றார் கனிராஜ் அவசரமாக. "எல்லா மோசடிக்காரனும் அதைத்தான் கேப்பான்."

சவுந்தரம் யோசித்துவிட்டுத் தட்டினாள்: டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நீ சிங்க்கில் போட்டுத் தண்ணி திறந்துவிடுறதை மாப்பிள்ளை என்கிட்ட சொல்லிட்டார். குழந்தை சோகையா பிறந்தா மாத்திரைக் கம்பெனிக்காரன் வந்து வளர்ப்பானா?

பிறகு எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன, பாதி தப்பும் தவறுமாக. அறிவு இருக்கா உங்க ரெண்டு பேருக்கும். சாகிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா. இங்க எல்லாரும் பூ வாங்கிட்டு வந்துட்டாங்க. நான் அதை எங்க வைக்க. மாத்திரை விஷயத்தை அவர் சொன்னாரா, வரட்டும் அவர்.

"நம்ம பிள்ளைதான்" என்றார் கனிராஜ். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சவுந்தரம் நடந்ததை எல்லாம் தட்டினாள். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு வரி: அப்ப நீ வர முடியாதா.

முடியாது, என்று தட்டினாள் சவுந்தரம்.

குழந்தையை எப்படிப் பாப்ப?

கனிராஜ் சவுந்தரத்தின் தோளுக்கு மேலே குனிந்தார்.

"படம் அனுப்பச் சொல்லவா? பூனை கொண்டாந்திரும்" என்றாள் அவள்.

"படத்தை இன்னைக்கு எவன் வேணா வரைவான். எடையை எழுதச் சொல்லு."

"எடையா?"

"எடையைச் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்."

சவுந்தரம் அப்படியே தட்டி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கனிராஜ், பஜாரில் சாம்பிள் சரக்கைக் கையில் வாங்குகிறவர் போல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டி, இன்னும் பிறக்காத ஒன்றை மெல்ல ஏந்தி, தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.